யார் உட்காரலாம், யார் நிற்க வேண்டும்

2021 செப்டம்பரில் தமிழ்நாடு சட்டமன்றத்துக்கு ஒரு சின்ன மசோதா வந்தது. தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 22-அ என்று புதிதாக ஒரு பிரிவைச் சேர்க்க வேண்டும் என்பதுதான் அது. சாரம் இவ்வளவுதான்: கடையில் வேலை பார்க்கிற எல்லோருக்கும் உட்கார இடம் இருக்க வேண்டும், வேலைக்கு நடுவே வாய்ப்புக் கிடைத்தால் உட்கார்ந்துகொள்ளலாம், நாள் முழுக்க காலிலேயே நிற்கிற நிலை இருக்கக் கூடாது. இதற்கெல்லாமா சட்டம் என்று அப்போது பலரும் கேட்டார்கள். ஆமாம், இதற்குத்தான். மூலச் சட்டம் 1947-ல் வந்தது. அடுத்த வருடமே, 1948-ல், தொழிற்சாலைகள் சட்டம் வந்தபோது, நின்று வேலை செய்கிற தொழிலாளிக்கு உட்கார வசதி செய்து தர வேண்டும் என்று அதன் 44-ஆம் பிரிவில் எழுதிவிட்டார்கள். கடையில் துணி எடுத்துப் போடுகிற பெண்ணுக்கு அதே மாதிரி ஒரு வரி வந்து சேர அதற்குப் பிறகு 73 வருடம் ஆனது. பிரிட்டனில் கடைப் பெண்கள் மூன்று பேருக்கு ஓர் இருக்கையாவது போட வேண்டும் என்று 1899-லேயே சட்டம் கொண்டுவந்திருந்தார்கள், அப்போது நம்மையும் அவர்கள்தான் ஆண்டுகொண்டிருந்தார்கள் என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன்.

வேலையிடத்துப் பாகுபாடு என்றால் நமக்கு உடனே தோன்றுவது வேறு. சாதி பேர் சொல்லித் திட்டுவது, பெண் என்பதால் சம்பளத்தைக் குறைப்பது, பதவி உயர்வை இழுத்தடிப்பது. இவையெல்லாம் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் உடம்பைத் தேய்ப்பதில் பெரும் பங்கு, யாருமே பாகுபாடு என்று எண்ணிப் பார்க்காத அன்றாட ஏற்பாடுகளுக்குத்தான் என்பது என் கருத்து. யாருக்கு நாற்காலி, யாருக்குக் கழிப்பறை, யார் கேட்காமல் எழுந்து போகலாம், யார் கேட்டுவிட்டுத்தான் போகணும் என்பது மாதிரி விஷயங்கள். நாற்காலியை எடுத்துக்கொண்டால் இது பளிச்சென்று தெரியும்.

ஒரு பெரிய ஜவுளிக்கடையை நினைத்துப் பாருங்கள், தி. நகர் ரங்கநாதன் தெருவோ, மதுரையோ, உங்கள் ஊரோ. கல்லாவில் இருப்பவர் உட்கார்ந்திருக்கிறார். முதலாளி வந்தால் அவரும் உட்காருவார். கல்யாணப் பட்டு எடுக்க வந்த குடும்பத்துக்கு நாற்காலி போட்டு, குடிக்க ஏதாவது கொடுக்கிறார்கள். சூப்பர்வைசர் நடக்கிறார், நினைத்தால் சாய்ந்துகொள்கிறார். புடவையைப் பிரித்துக் காட்டுகிற பெண் மட்டும் நிற்கிறார். வாடிக்கையாளர் இருக்கும்போது நிற்பது புரிகிறது, அலமாரியில் இருந்து எடுக்கணும், விரிக்கணும், மடிக்கணும். செவ்வாய்க்கிழமை மத்தியானம் மூன்று மணிக்கு அந்தத் தளத்தில் ஈ காக்கை இல்லாதபோதும் அவர் நிற்கிறார் பாருங்கள், அந்த நிற்றலுக்கும் வேலைக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. அது அந்தஸ்தைக் காட்டுவதற்கான நிற்றல். இதை வெறும் வேலைக் கஷ்டம் என்று ஒதுக்காமல் பாகுபாடு என்று சொல்வதற்குக் காரணம் இதுதான். ஒரே கூரைக்குக் கீழே, ஒரே நேரத்தில், ஒரு சாராருக்கு மட்டும் தேவையே இல்லாமல் மறுக்கப்படுகிறது. அந்த ஒரு சாரார் பெரும்பாலும் யார் என்றால் கிராமங்களில் இருந்து வந்து கடை ஹாஸ்டலில் தங்கியிருக்கிற, கல்யாணத்துக்குக் காசு சேர்க்கிற, எதிர்த்துப் பேசினால் ஊருக்கு அனுப்பிவிடுவார்கள் என்று பயப்படுகிற இளம்பெண்கள்.

சரி, நின்றால் என்ன ஆகிறது? நடக்கும்போது கெண்டைக்கால் தசை சுருங்கிச் சுருங்கி, காலுக்கு இறங்கின ரத்தத்தை மேலே தள்ளிவிடும். அதை இரண்டாவது இதயம் என்று மருத்துவர்கள் சொல்வதுண்டு. அசையாமல் ஒரே இடத்தில் நிற்கும்போது அந்த வேலை நடப்பதில்லை. ரத்தம் கீழேயே தங்குகிறது, நாளங்களுக்குள் அழுத்தம் கூடுகிறது, ரத்தம் திரும்பிக் கீழே வராமல் தடுக்கிற சின்னச் சின்ன வால்வுகள் வருடக் கணக்கில் அந்த அழுத்தத்தைத் தாங்கித் தாங்கி ஒரு கட்டத்தில் சரியாக மூடாமல் போகின்றன. நரம்பு சுருட்டிக்கொண்டது என்று ஊரில் சொல்கிற வெரிகோஸ் வெயின் இப்படித்தான் வருகிறது (சுருட்டிக்கொள்வது நரம்பு அல்ல, ரத்த நாளம், ஆனால் வழக்கில் அப்படித்தான்). டென்மார்க்கில் உழைக்கும் வயதுக்காரர்களைப் பன்னிரண்டு வருடம் தொடர்ந்து பார்த்த ஓர் ஆய்வில், வெரிகோஸ் வெயினுக்காக மருத்துவமனைக்கு வந்தவர்களில் ஐந்தில் ஒரு பங்குக்கு, நாளின் பெரும்பகுதி நின்று வேலை பார்ப்பதே காரணம் என்று கணக்கிட்டார்கள். கனடாவின் ஒண்டாரியோ மாகாணத்தில் சுமார் 7,300 தொழிலாளர்களை இதே போலப் பன்னிரண்டு வருடம் பார்த்தார்கள். பெரும்பாலும் உட்கார்ந்து வேலை செய்தவர்களைவிட, பெரும்பாலும் நின்று வேலை செய்தவர்களுக்கு இதயநோய் ஏறக்குறைய இரண்டு மடங்கு. உட்கார்ந்தே இருப்பதும் உடம்புக்கு ஆகாது என்று இப்போது எல்லோரும் சொல்கிறோம், அதுவும் நிஜம்தான். ஆனால் அந்தக் கவலைப்படுவதற்குக்கூட முதலில் ஒரு நாற்காலி இருக்கணும்.

அப்புறம் தண்ணீர். கழிப்பறை வேறு மாடியில் இருக்கும், போக அனுமதி கேட்கணும், போய் வர எத்தனை நிமிடம் என்று பார்ப்பார்கள். அதனால் காலையில் இருந்தே தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொள்கிறார்கள். நீர்க்கடுப்பு, திரும்பத் திரும்ப வரும் சிறுநீர்த் தொற்று, மாதவிலக்கு நாட்களில் படும் பாடு எல்லாம் இதன் தொடர்ச்சி. கேரளத்தில் இந்தப் போராட்டம் தொடங்கியதே நாற்காலியில் அல்ல, கழிப்பறையில்தான். கோழிக்கோடு மிட்டாய்த் தெருவில் தையல் வேலை செய்துகொண்டிருந்த பி. விஜி, அந்தக் கடைகளில் வேலை பார்க்கும் பெண்களுக்குப் போக ஓர் இடம் இல்லை என்பதில்தான் ஆரம்பித்தார். பெண்கூட்டு என்ற அமைப்பு அதில் இருந்து உருவானது, அமைப்புசாராத் தொழிலாளர்களுக்கான சங்கம் வந்தது, 2014 கடைசியில் திருச்சூரில் ஒரு பெரிய புடவைக்கடை முன்னால் பெண்கள் மாதக் கணக்கில் மறியல் செய்தார்கள். 2018-ல் கேரள அரசு தன் கடைச் சட்டத்தைத் திருத்தியது. அதே வருடம் பிபிசி வெளியிட்ட உலகின் 100 பெண்கள் பட்டியலில் விஜி பெயரும் வந்தது. தமிழ்நாட்டுத் திருத்தம் வந்தது அதற்கு மூன்று வருடம் கழித்து. முன்னுதாரணம் எங்கே இருந்து வந்தது என்று ஞாபகம் வைத்துக்கொள்வது நல்லது, சட்டம் தானாகக் கருணை கொண்டு வந்ததில்லை.

இது வரைக்கும் காலும் சிறுநீர்ப்பையும். இதைவிடச் சுவாரசியமான, எனக்குக் கொஞ்சம் பயமும் தருகிற பகுதி இனிமேல்தான்.

லண்டனில் அரசு ஊழியர்களிடம் 1967-ல் ஓர் ஆய்வு தொடங்கினார்கள், வைட்ஹால் ஆய்வு என்று பெயர், சுமார் 18,000 ஆண்கள். யாரும் பட்டினி கிடப்பவர்கள் இல்லை, எல்லோருக்கும் நிரந்தர வேலை, எல்லோருக்கும் அரசே தருகிற இலவச மருத்துவம். அப்படியும் கடைநிலையில் இருந்த ஊழியர்கள் இதயநோயால் இறந்த விகிதம் உச்சியில் இருந்த அதிகாரிகளைவிட ஏறக்குறைய மூன்று மடங்கு. டென்ஷன் எல்லாம் பெரிய பதவியில் இருப்பவருக்குத்தான், மாரடைப்பு அவருக்குத்தான் வரும் என்று அதுவரை நம்பியிருந்தார்கள், அது தலைகீழாகிப் போனது. இதில் முக்கியமாகக் கவனிக்க வேண்டியது, இது ஒரு படிக்கட்டாக இருந்தது. உச்சிக்கு அடுத்த படியில் இருந்தவர்கூட உச்சியில் இருந்தவரைவிடக் கொஞ்சம் மோசம், அதற்கு அடுத்த படி இன்னும் மோசம். புகைபிடித்தல், ரத்த அழுத்தம், கொழுப்பு எல்லாவற்றையும் கணக்கில் எடுத்தும் இந்த வித்தியாசத்தில் ஒரு பகுதியைத்தான் விளக்க முடிந்தது. 1985-ல் பெண்களையும் சேர்த்து 10,308 பேரோடு தொடங்கிய இரண்டாவது ஆய்வில், மைக்கேல் மார்மாட் என்ற மருத்துவ ஆய்வாளரும் கூட்டாளிகளும் கண்டுபிடித்தவற்றில் முக்கியமானது, தன் வேலையின் மேல் தனக்கு எவ்வளவு பிடி இருக்கிறது என்பது இதயத்தைப் பாதிக்கிறது என்பது. எப்போது செய்வது, எப்படிச் செய்வது, எப்போது ஓய்வு எடுப்பது என்பதை எல்லாம் தானே முடிவு செய்ய முடிகிறவருக்கும், ஒவ்வொன்றுக்கும் இன்னொருவர் முகத்தைப் பார்க்க வேண்டியவருக்கும் இடையில் வித்தியாசம் மனத்தோடு நிற்கவில்லை, ரத்தக் குழாய் வரை போனது.

இதோடு இன்னொன்றையும் சேர்த்துப் பார்க்கணும். டிக்கர்சன், கெமனி என்ற இரண்டு உளவியலாளர்கள் 2004-ல் 208 ஆய்வுகளை ஒன்றாக அலசினார்கள். கேள்வி எளிமையானது: எந்த மாதிரி நெருக்கடியில் கார்ட்டிசால் என்கிற ஹார்மோன் அதிகமாக ஏறுகிறது? கஷ்டமான வேலை என்பதாலேயே அது பெரிதாக ஏறிவிடவில்லை. அடுத்தவர்கள் நம்மை எடைபோட்டுக்கொண்டிருக்கிறார்கள், அதே நேரம் என்ன செய்தாலும் முடிவு நம் கையில் இல்லை என்ற இரண்டும் சேர்ந்தபோதுதான் அதிகமாக ஏறியது, இறங்கவும் அதிக நேரம் எடுத்தது. இதைப் படித்தபோது எனக்குத் தோன்றியது அந்த ஜவுளிக்கடைத் தளம்தான். மேலே சிசிடிவி, பக்கத்தில் சூப்பர்வைசர், எதிரே முகம் சுளிக்கும் வாடிக்கையாளர், புடவை விற்காவிட்டால் கேள்வி, சாய்ந்தால் கேள்வி, பக்கத்துப் பெண்ணோடு பேசினால் கேள்வி. ஒரு பரிசோதனைக் கூடத்தில் அரை மணி நேரம் செய்து பார்த்ததை இங்கே தினமும் பத்து மணி நேரம் செய்கிறோம்.

கார்ட்டிசால் கெட்டது இல்லை, ஆபத்து வந்தால் ஓடவும் எதிர்க்கவும் அதுதான் தெம்பு தருகிறது. சிக்கல் என்னவென்றால், அது வந்து போக வேண்டிய விருந்தாளி, இங்கே போவதே இல்லை. தூக்கம் கெடுகிறது, சர்க்கரை ஏறுகிறது, ரத்த அழுத்தம் இரவிலும் இறங்க மறுக்கிறது, சின்னத் தொற்றுகூட லேசில் ஆறுவதில்லை. உடம்பு இப்படித் தயார் நிலையிலேயே வருடக் கணக்கில் இருப்பதால் சேரும் தேய்மானத்தைப் பற்றி அமெரிக்க நரம்பியலாளர் புரூஸ் மக்கீவன் 1990-களில் இருந்து நிறைய எழுதினார். 2009-ல் 134 மாதிரிகளைத் தொகுத்துப் பார்த்த இன்னொரு ஆய்வு, தான் பாகுபாட்டுக்கு ஆளாகிறோம் என்று உணர்கிறவர்களுக்கு மனநலமும் உடல்நலமும் இரண்டுமே மோசமாக இருப்பதையும், தன்னைக் கவனித்துக்கொள்ளும் பழக்கங்களும் அவர்களிடம் குறைந்துபோவதையும் காட்டியது. நேரத்துக்குச் சாப்பிடுவது, மருத்துவரிடம் போவது, நடக்கப் போவது எல்லாவற்றுக்கும் ஒரு மிச்சத் தெம்பு வேண்டும். அந்தத் தெம்பை வேலையிடம் ஏற்கெனவே வாங்கிவிட்டிருக்கும்.

இவ்வளவு எழுதிவிட்டு சாதியைப் பற்றிப் பேசாமல் போனால் அது நம் ஊர் நாற்காலியைப் பற்றிய கட்டுரையே ஆகாது. ஆதிக்க சாதிக்காரர் முன்னால் உட்காரக் கூடாது, கட்டிலில் இருந்து எழுந்திரிக்கணும், திண்ணையில் ஏறக் கூடாது, பெஞ்சு இருந்தாலும் தரையில் என்று தலைமுறைகளாக இங்கே யார் உட்காரலாம் என்பதைச் சாதிதான் தீர்மானித்திருக்கிறது. கடை முதலாளிகள் மரியாதை என்று சொல்கிற அந்த நிற்றல் அங்கே இருந்து வந்ததுதான். சந்தேகம் இருந்தால் கடலூர் மாவட்டம் தெற்குத் திட்டை ஊராட்சியைப் பாருங்கள். 2020 அக்டோபரில் ஒரு புகைப்படம் வெளியே வந்தது. முறைப்படி தேர்தலில் ஜெயித்த ஊராட்சித் தலைவர், ஆதிதிராவிடர் பெண், கூட்டத்தில் தரையில் உட்கார்ந்திருக்கிறார், மற்றவர்கள் நாற்காலியில். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் வழக்குப் போட்டார்கள், ஊராட்சிச் செயலாளர் பணியிடை நீக்கம் செய்யப்பட்டார். அந்த அலுவலகம் அந்தப் பெண்ணின் வேலையிடம், அங்கே எல்லோருக்கும் மேல் பதவி அவருடையது, அப்படி இருந்தும் நாற்காலி இல்லை. அதே வருடம் ஆகஸ்டில் திருவள்ளூர் மாவட்டம் ஆத்துப்பாக்கத்தில் இன்னொரு பட்டியல் சாதித் தலைவரைச் சுதந்திர தினத்தன்று கொடியேற்ற விடவில்லை. செய்தி பரவி, மாவட்ட நிர்வாகம் தலையிட்ட பிறகு சில நாள் கழித்து ஏற்றினார். 2022-ல் சுதந்திர தினத்துக்கு முன்னால், பட்டியல் சாதித் தலைவர்கள் கொடியேற்றுவதை உறுதி செய்யுங்கள் என்று தலைமைச் செயலாளரே மாவட்ட ஆட்சியர்களுக்கு எழுத வேண்டியிருந்தது.

தரையில் உட்கார்ந்தால் கால் நாளம் சுருட்டிக்கொள்ளாதே, அப்புறம் என்ன கெட்டுப்போகும் என்று யாரும் கேட்க மாட்டார்கள் என்று நம்புகிறேன். அங்கே நடப்பது மேலே சொன்ன இரண்டாவது வகை. எல்லோரும் பார்க்க எடைபோடப்படுகிறோம், முடிவு நம் கையில் இல்லை. பதவி இருந்தும் இல்லை என்பதால் அது இன்னும் கூர்மையாக இருக்கும்.

நகரத்து அலுவலகங்களில் யாரும் தரையைக் காட்டுவதில்லை, அங்கே எல்லோருக்கும் சக்கரம் வைத்த சுழல் நாற்காலிகள் இருக்கின்றன. அங்கே கேள்விகள் இருக்கின்றன. சொந்த ஊர் எது, அதில் எந்தப் பக்கம், வீட்டில் நான்-வெஜ்ஜா, கோட்டாவா, ஓபன் கேட்டகரியா. கேட்பவர் ஒரு நொடியில் மறந்துவிடுவார். கேட்கப்பட்டவர் அன்று முழுக்க மனசுக்குள் கணக்குப் போடுவார்: சும்மா கேட்டாரா, தெரிந்துகொள்ளக் கேட்டாரா, நேற்று மீட்டிங்கில் என் பேச்சை வெட்டியது அதனாலா, இல்லை நான்தான் அதிகமாக யோசிக்கிறேனா? நேரடியாகத் திட்டியிருந்தால் கோபமாவது வரும், கோபத்தைப் பகிரலாம், புகார் எழுதலாம். இந்த நிச்சயமின்மையை யாரிடம் சொல்வது? இதில் போய்ச் சேருவது பெரும்பாலும் நான் சரியில்லை என்ற முடிவில். மனச்சோர்வுக்கு இதைவிடச் சுலபமான பாதை எனக்குத் தெரியவில்லை. இதற்கு நிறுவனங்கள் தருகிற மருந்து என்ன? வெள்ளிக்கிழமை யோகா, தியானச் செயலி, மன அழுத்தத்தை எப்படிக் கையாள்வது என்று ஒரு மணி நேரப் பயிற்சி. யோகா நல்லதுதான். ஆனால் அழுத்துகிறவர் கையை எடுக்காமல் அழுத்தப்படுகிறவருக்கு மூச்சுப் பயிற்சி சொல்லிக் கொடுப்பதற்கு ஊழியர் நலன் என்று பெயர் வைப்பது கொஞ்சம் அதிகம்.

சட்டமும் இங்கே பெரிதாக உதவுவதில்லை. அரசியல் சாசனத்தின் 16-ஆவது பிரிவு அரசு வேலைக்குத்தான். பெண்களுக்குப் பாலியல் துன்புறுத்தலுக்கு எதிராக 2013-ன் சட்டம் இருக்கிறது, பத்துப் பேரோ அதற்கு மேலோ இருந்தால் உள்புகார்க் குழு இருக்கணும். ஊதியத்திலும் ஆள் எடுப்பதிலும் பாலினப் பாகுபாடு கூடாது என்று 1976-ல் இருந்தே இருக்கிறது, புதிய ஊதியச் சட்டத் தொகுப்பிலும் வந்திருக்கிறது. தனியார் அலுவலகத்தில் சாதி, மதம், மாற்றுத்திறன், பாலினம் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் வைத்துப் பாகுபாடு என்றால் என்ன, எங்கே முறையிடுவது என்று சொல்கிற பொதுவான சட்டம் ஒன்று இந்தியாவில் இல்லை. சசி தரூர் 2016-ல் ஒரு தனிநபர் மசோதா தயார் செய்தார், அது சட்டமாகவில்லை.

இன்னொரு விஷயம், இந்தப் பாதிப்பு ஏன் யார் கண்ணிலும் படுவதில்லை என்பது. டென்மார்க்கிலும் கனடாவிலும் ஓர் ஆள் எங்கே வேலை பார்த்தார் என்ற தகவலையும், பத்து வருடம் கழித்து எந்த மருத்துவமனைக்குப் போனார் என்ற பதிவையும் இணைத்துப் பார்க்க முடிகிறது. இங்கே ஜவுளிக்கடைப் பெண் பத்தொன்பது வயதில் சேர்ந்து, நாலைந்து வருடம் நின்று, கல்யாணம் ஆகி ஊருக்குப் போய்விடுகிறார். முப்பத்தைந்து வயதில் காலில் நாளம் புடைக்கும்போது அவர் தென்காசிப் பக்கம் ஏதோ ஒரு கிராமத்தில் இருக்கிறார், நாலு பிள்ளை பெற்ற அம்மா மாதிரி உனக்கு என்ன வியாதி என்று வீட்டில் கேட்பார்கள், எண்ணெய் தேய்க்கச் சொல்வார்கள். வேலையில் இருந்தபோது ஈ.எஸ்.ஐ. அட்டை இருந்திருந்தாலும் அது எப்போதோ காலாவதி. கடையில் அவர் நின்ற இடத்தில் வேறொரு பத்தொன்பது வயதுப் பெண் நிற்கிறார், ஆரோக்கியமாக. கடைக் கணக்கில் நோயாளியே கிடையாது. செலவு முழுக்க அந்தக் குடும்பத்தின் கணக்கில்.

முதலாளிகள் தரப்பையும் கேட்டுவிடலாம். உட்கார்ந்திருந்தால் வாடிக்கையாளர் சோம்பேறிக் கடை என்று நினைப்பார், விற்பனை போகும் என்பார்கள். ஆல்டி என்ற ஜெர்மானிய மளிகைச் சங்கிலியில் கல்லா ஊழியர்கள் உட்கார்ந்துதான் பில் போடுகிறார்கள், அமெரிக்கக் கிளைகளிலும் அப்படியே, வேகமாகப் பில் போடுவதற்குப் பெயர் போனவர்கள் அவர்கள். கலிபோர்னியாவில் இதே வாதம் உச்ச நீதிமன்றம் வரை போனது. மருந்துக்கடைக் கல்லாவிலும் வங்கிக் கவுன்ட்டரிலும் நின்றவர்கள் போட்ட வழக்கில் 2016-ல் அந்த மாநில உச்ச நீதிமன்றம் சொன்னது, முதலாளிக்கு நிற்பது பிடிக்கும் என்பது மட்டும் போதாது, ஊழியர் நிற்கும் அந்த இடத்தில் நடக்கும் வேலையை உட்கார்ந்து செய்ய முடியுமா என்று புறவயமாகப் பார்க்கணும், பொருத்தமான இருக்கை கிடைக்கவில்லை என்றால் அதை நிரூபிப்பதும் முதலாளியின் பொறுப்பு. இரண்டு வருடம் கழித்து வால்மார்ட் தன் கலிபோர்னியாக் கல்லா ஊழியர்களின் இருக்கை வழக்கை முடிக்க 6.5 கோடி டாலர் தர ஒத்துக்கொண்டது. ஒரு ஸ்டூல் என்ன விலை என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

நம் 22-அ பிரிவில் அந்தத் தெளிவு இல்லை. வேலைக்கு நடுவே வாய்ப்புக் கிடைக்கும்போது உட்காரலாம் என்கிறது. வாய்ப்பு கிடைத்ததா இல்லையா என்று யார் முடிவு செய்வது? நடைமுறையில் சூப்பர்வைசர்தான். ஆய்வாளர் வந்து பார்க்கும்போது ஸ்டூல் இருக்கும், அலமாரிக்கு அடியில் பெட்டிகளோடு சேர்த்துச் செருகி வைத்திருந்தாலும் எண்ணிக்கைக்கு அது ஸ்டூல்தான். அதில் கடைசியாக யார், எப்போது, யாரிடமும் கேட்காமல் உட்கார்ந்தார் என்று அந்தப் பெண்களைத் தனியாக அழைத்து, கடைக்கு வெளியே வைத்துக் கேட்டால்தான் சட்டம் வேலை செய்கிறதா என்று தெரியும். ஹாஸ்டலில் போய்க் கேட்கலாம், ராத்திரி எட்டு மணிக்கு மேல் போகணும், அதற்கு முன்னால் அங்கே யாரும் இருக்க மாட்டார்கள்.